டிசி கிளாம்ப் மீட்டர்: அவுட்போர்டு மோட்டார் சார்ஜ் போடுகிறதா இல்லையா என்ற சண்டை ஒரு மதியத்தில் தீர்ந்தது

வாங்கி மூன்று மாதம் ஆகிறது, இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. பொருள் ஒரு டிசி கிளாம்ப் மீட்டர், அதாவது கம்பியைக் கழற்றாமல் மேலே கவ்வியே அதில் ஓடும் ஆம்பியரைக் காட்டும் கருவி. பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே உடம்பு, இதே பட்டன், இதே திரை நாலைந்து பெயர்களில் நாலைந்து நிறங்களில் விற்கிறது, எனக்கு வந்த ஒன்றில் இருக்கும் கோளாறை ஒரு பெயரின் தலையில் கட்டுவது சரியில்லை. விவரம் மட்டும் தருகிறேன், அதை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும். ஏசி, டிசி இரண்டு ஆம்பியரும் பார்க்கும், 40 மற்றும் 400 என்று இரண்டு ரேஞ்ச், ட்ரூ ஆர்எம்எஸ் (ஏசி அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளப்பது), டயோடு சோதனை, ஹெர்ட்ஸ், ஜீரோ பட்டன், அப்புறம் செல்ஃப் போடும்போது ஸ்டார்ட்டர் ஒரு நொடி இழுக்கும் உச்ச ஆம்பியரைப் பிடித்து நிறுத்தி வைக்கும் இன்ரஷ் பட்டன். கவ்வும் வாய் ஒரு கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் திறக்கிறது.

ஏன் வாங்கினேன் என்ற கதையைச் சொல்லாமல் இது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார், 40 குதிரைத்திறன், ஃபோர் ஸ்ட்ரோக், கார்புரேட்டர். சார்ஜிங் 10 ஆம்பியர் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. இரண்டு முறை வெளியே போய்விட்டு வந்தால் மூன்றாவது முறை செல்ஃப் ‘டிக்’ என்று மட்டும் சொல்லும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்து, தோள்பட்டை கழன்று, சரி பேட்டரி கிழடாகிவிட்டது என்று புதுசு போட்டேன். புதுசும் ஒரு மாதத்தில் அதே ‘டிக்’. ஒரு மெக்கானிக் வந்து, மோட்டாரை ஓடவிட்டு, மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தார். நிற்கும்போது 12.6, ஓடும்போது 12.9. “ஏறுது பாருங்க, சார்ஜ் போடுது, பேட்டரிதான் மட்டம்” என்றார். இன்னொருவர் அதே 12.9-ஐப் பார்த்து, “14 வரணும், வரல, ரெகுலேட்டர் போச்சு, மாத்திடுங்க” என்றார். ஒரே எண், இரண்டு தீர்ப்பு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. வோல்ட் மட்டும் பார்த்தால் அப்படித்தான் ஆகும். பேட்டரிக்குள் உண்மையில் எத்தனை ஆம்பியர் போகிறது என்று யாராவது பார்த்திருந்தால் வாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

ஆம்பியர் பார்க்க மல்டிமீட்டரே போதாதா என்று கேட்பீர்கள். சாதாரண மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் ஓட்டை இருக்கிறது, ஆனால் கம்பியைக் கழற்றி மீட்டரை நடுவில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்துவிட்டு யாராவது பழக்க தோஷத்தில் செல்ஃபைத் தட்டினால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் அந்த மீட்டர் வழியாகப் போகப் பார்க்கும். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். அதைவிடப் பெரிய ஆபத்து, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் வயர் நழுவினால் பேட்டரி இணைப்பு அறுந்த மாதிரி ஆகிவிடும். ஓடும் மோட்டாரில் பேட்டரி கழன்றால் ஸ்டேட்டரிலிருந்து, அதாவது மோட்டாருக்குள் மின்சாரம் பிறக்கும் சுருளிலிருந்து, வரும் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் எகிறி, நல்ல ரெக்டிஃபையரையும் ரெகுலேட்டரையும் ஒரே நொடியில் பொசுக்கிவிடும். கிளாம்ப் மீட்டரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, கம்பியின் மேல் கவ்வ வைத்தால் முடிந்தது.

இங்கே என் முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். முதலில் நான் வாங்கியது வேறு ஒரு கிளாம்ப் மீட்டர், சின்னது, அழகானது. பேட்டரி வயரில் மாட்டினேன், 0.00. செல்ஃப் போட்டுப் பார்த்தேன், ஏதோ ஒரு எண் மின்னி மறைந்து மறுபடி 0.00. மோட்டாரின் சார்ஜிங் சுத்தமாகச் செத்துவிட்டது என்று முடிவுகட்டி அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஆம்பியருக்குப் பக்கத்தில் ஏசி மட்டும் போட்டிருக்கிறது. வீட்டு வயரிங் வேலைக்கான மீட்டர் அது. அதன் வாய் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தைத்தான் உணரும், பேட்டரிக்குப் போகும் நேர்மின்சாரம் அதற்குக் கண்ணுக்கே தெரியாது. டிசி பார்க்க வேண்டும் என்றால் மாறாத காந்தப்புலத்தையும் உணரும் ஹால் சென்சார் வாய்க்குள் இருக்க வேண்டும். வாங்கும்போது ஆம்பியர் குறிக்குப் பக்கத்தில் நேர்க்கோடும் அதன் கீழே விட்டுவிட்டுப் போகும் புள்ளிக் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் டிசி. வோல்டுக்கு அந்தக் குறி எல்லா மீட்டரிலும் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

சரி, சோதனைக்கு வருவோம். மீட்டர் காட்டுவது புரிய வேண்டுமென்றால் இந்த மோட்டார் எப்படிச் சார்ஜ் போடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய மோட்டார்கள் சிலவற்றில் கார் மாதிரி பெல்ட் போட்ட ஆல்டர்னேட்டர் உண்டு. பெரும்பாலான அவுட்போர்டுகளில் அது கிடையாது. மேலே சுற்றும் ஃப்ளைவீலின் உள்விளிம்பில் காந்தங்கள், அதற்கு அடியில் அசையாமல் இருக்கும் செப்புச் சுருள்கள்தான் ஸ்டேட்டர். காந்தம் சுற்றச் சுற்ற சுருளில் ஏசி பிறக்கும். அதை ரெக்டிஃபையரில் இருக்கும் டயோடுகள் டிசி ஆக்கும், ரெகுலேட்டர் 14.5 வோல்ட் பக்கத்தில் கட்டிப்போடும். சின்ன மோட்டார்களில் ரெகுலேட்டரே இல்லாமல் வெறும் ரெக்டிஃபையர் மட்டும் இருப்பதும் உண்டு, அவற்றில் நீண்ட நேரம் வேகமாக ஓடினால் 15-க்கு மேலே போய் பேட்டரித் தண்ணீர் வற்றும். எப்படி இருந்தாலும் சுற்றும் வேகம்தான் எல்லாம். ஐடிலில் வைத்து ஆம்பியர் பார்த்துவிட்டு சார்ஜ் வரவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை, அந்த வேகத்தில் சுருளிலேயே பெரிதாக ஒன்றும் பிறக்காது.

அதனால் சோதனையைத் தண்ணீரில் வைத்துத்தான் செய்தேன். கரையில் தண்ணீர் உறிஞ்சும் ஓட்டைகளின் மேல் ரப்பர்க் கிண்ணத்தைக் கவ்வவிட்டு, குழாய் மாட்டி ஓடவிடலாம், ஆனால் அதில் நிமிடத்துக்கு 3000 சுற்றெல்லாம் தூக்கக்கூடாது, சுமையில்லாமல் மோட்டார் பறக்கும். தண்ணீரே இல்லாமல் ‘ரெண்டே நிமிஷம்தானே’ என்று ஓடவிட்டால் தண்ணீர் இழுக்கும் பம்பின் இம்பெல்லர் ரப்பர் கருகிவிடும், அதற்கு ரெண்டு நிமிஷம்கூடத் தேவையில்லை. நண்பன் ஓட்ட, நான் மோட்டார் மூடியைக் கழற்றிவிட்டு மீட்டரோடு பின்னால் குந்தினேன். ஃப்ளைவீல் திறந்து கிடக்கும், அதனால் தொங்கும் வயர், தளர்ந்த சட்டை, கழுத்தில் தொங்கும் எதுவும் கூடாது. “டேய், கையை எடுத்துட்டேன்னு சொல்லு, அப்புறம்தான் ஆக்சிலேட்டர் கொடுப்பேன்” என்று அவன் ஒவ்வொரு தடவையும் கத்தினான். எரிச்சலாக இருந்தது, ஆனால் அவன் செய்தது சரி.

முந்தின நாள் செய்த ஒரு வேலையைச் சொல்ல மறந்துவிட்டேன், அது முக்கியம். பேட்டரியை முழுசாகச் சார்ஜ் போட்டு, அப்புறம் விளக்கை எரியவிட்டுக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். நிறைந்த பேட்டரி ஒன்றிரண்டு ஆம்பியருக்கு மேல் வாங்காது. அதில் கிளாம்ப் மாட்டி 2 ஆம்பியர் என்று பார்த்துவிட்டு மோட்டாரைக் குறை சொன்னால் அநியாயம். அதே மாதிரி சார்ஜரிலிருந்து எடுத்த உடனே வோல்ட் பார்த்தால் 13-க்கு மேல் காட்டும், அது மேலோட்டமான சார்ஜ், நம்பக்கூடாது. சில மணி நேரம் விட்டுவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சாதாரண ஈய அமில பேட்டரியில் 12.6-12.7 என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். என்னுடையது அன்று காலை 12.3.

மீட்டரை ஆன் செய்து, பேட்டரியின் பாசிட்டிவ் தடித்த வயருக்குப் பக்கத்தில், வாயை மூடியபடி, எந்தத் திசையில் பிடிக்கப் போகிறேனோ அதே திசையில் பிடித்துக்கொண்டு ஜீரோ பட்டனை அழுத்தினேன். இந்தத் திசை விஷயம் கையேட்டில் ஒரு வரியில் போகிறபோக்கில் இருக்கிறது. உண்மையில் இதுதான் இந்த மீட்டரின் உயிர். ஹால் சென்சார் பூமியின் காந்தத்தையும் உணரும், பக்கத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார், ஃப்ளைவீல் காந்தம் எல்லாம் இருந்தால் அதையும் உணரும். மேசை மேல் ஜீரோ செய்துவிட்டு வந்து மோட்டார் பக்கத்தில் பிடித்தால் வயரே இல்லாமல் அரை ஆம்பியர் வரை காட்டியது எனக்கு. தடித்த வயரைக் கவ்வியபின் அம்புக்குறி பேட்டரியை நோக்கி இருக்கட்டும், அப்போது பிளஸ் என்றால் உள்ளே போகிறது, மைனஸ் என்றால் பேட்டரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. பாசிட்டிவ் முனையில் எத்தனை வயர் இருக்கிறதோ அத்தனையையும் சேர்த்துக் கவ்வினால்தான் முழுக் கணக்கு. நான் மீன் தேடும் கருவி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டார் வயரை மட்டும் கவ்வினேன்.

செல்ஃப், இன்ரஷ் பட்டனில் 118 ஆம்பியர். ஸ்டார்ட்டர் நலம். 40 ரேஞ்சுக்கு மாற்றி மறுபடி ஜீரோ. ஐடிலில் 0.6. 3000 சுற்றில் 1.5. 4000-லும் அதே 1.5 சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. பேட்டரியில் 12.9 வோல்ட், அந்தப் பிரபலமான 12.9. பத்து ஆம்பியர் கொடுக்க வேண்டிய மோட்டார், பசியோடு இருக்கும் பேட்டரிக்கு ஒன்றரை ஆம்பியர் கொடுக்கிறது. ஆக சார்ஜ் போடுகிறது என்ற முதல் மெக்கானிக்கின் பேச்சும் ஒரு விதத்தில் உண்மை, போதாது என்ற இரண்டாமவரின் பேச்சும் உண்மை. விளக்கும் கருவியும் போட்டால் அந்த ஒன்றரையும் அவற்றுக்கே சரியாகப் போய்விடும்.

ரெகுலேட்டர் வாங்கக் கிளம்பும் முன் மீட்டரின் சிவப்புக் கம்பியை ரெகுலேட்டரிலிருந்து வெளியே வரும் சிவப்பு வயரின் முனையில் வைத்தேன், கறுப்பை பேட்டரி நெகட்டிவில். அதே 3000 சுற்று. 14.5. நான் திரையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன், 14.5 தான். ரெகுலேட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது, கொடுத்த 14.5 பேட்டரிக்கு வந்து சேரும்போது 12.9 ஆகிவிடுகிறது. வழியில் 1.6 வோல்டை எவனோ தின்கிறான்.

திருடனைப் பிடிப்பது இந்த இடத்தில் சுலபம். மீட்டரின் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் (புரோப்) இரண்டையும் ஒரே வயரின் இரண்டு முனைகளில் வைத்தால், அந்த வயர் எவ்வளவு தின்கிறது என்று மீட்டரே சொல்லும். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட சைபர் வர வேண்டும், மொத்த வழிக்கும் சேர்த்தே 0.2, 0.3 வோல்டுக்கு மேல் போனால் சந்தேகப்படலாம். ரெகுலேட்டரிலிருந்து ஃபியூஸ் வரை 0.05. ஸ்டார்ட்டர் ரிலே முனையிலிருந்து பேட்டரி வரை 0.02. பேட்டரி நெகட்டிவிலிருந்து மோட்டார் உடம்பு வரை 0.01. ஃபியூஸ் ஹோல்டரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்தேன், 1.5.

மோட்டாரை நிறுத்திவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரை விரலால் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. ரப்பர் மூடியைப் பிதுக்கினால் உள்ளே இருபது ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், பார்க்கப் புதுசு மாதிரி முழுசாக இருக்கிறது, உள்கம்பி அறவே போகவில்லை. ஆனால் அதன் ஒரு காலில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு, இன்னொரு கால் கறுத்துப்போய், அதைப் பிடித்திருந்த பித்தளைத் தகடு தளர்ந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் டீத்தூள் நிறத்தில் உருகியிருந்தது. ஒன்றரை வோல்ட், ஒன்றரை ஆம்பியர், பெருக்கினால் இரண்டேகால் வாட். சோப்பு டப்பாவில் பாதிகூட இல்லாத இடத்தில் இரண்டேகால் வாட் மணிக்கணக்கில் எரிந்தால் வேறென்ன ஆகும். மூடி மேலே பத்திரமாக இருந்ததால் யாரும் திறந்து பார்க்கவில்லை, நானும்தான். ஃபியூஸ் போயிருக்கிறதா என்று தொடர்ச்சி சோதித்தவர்களுக்கு ‘பீப்’ கேட்டிருக்கும், ஏனென்றால் மீட்டர் அனுப்பும் துளி மின்சாரத்துக்கு அந்தக் களிம்பு வழிவிட்டுவிடும். உண்மையான ஆம்பியர் போகும்போதுதான் அது முறைக்கும்.

தண்ணீர் புகாத வேறு ஹோல்டர் போட்டு, முனையை நெரித்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் ஏற்றி, மறுநாள் அதே சோதனை. 3000 சுற்றில் 8.4 ஆம்பியர், பேட்டரியில் 13.6, ரெகுலேட்டரில் 13.8. அரை மணி நேரம் ஓடியபின் பேட்டரி 14.3-க்கு ஏறி ஆம்பியர் 3-க்கு இறங்கியது, வயிறு நிறைந்த பேட்டரி அப்படித்தான் வேண்டாம் என்று தள்ளும். ரெகுலேட்டர் பிழைத்தது. வீணாக வாங்கிய பேட்டரி மட்டும் இப்போது உபரியாக நிற்கிறது, அதன் பேரில் இனி பேச்சு வேண்டாம்.

அப்புறம் ஆசை விடவில்லை, ஸ்டேட்டரையும் சோதித்தேன். இதற்கு ஸ்டேட்டரிலிருந்து வரும் வயர்களை ரெகுலேட்டரிலிருந்து கழற்றி ஓடவிட்டு ஏசி வோல்ட் பார்க்க வேண்டும். உங்கள் மோட்டாரில் இதை அனுமதிக்கிறார்களா என்று சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், சிலவற்றில் கூடாது. கழற்றிய முனையில் வோல்ட் வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும், விரல் பட்டால் சும்மா விடாது. என்னுடையதில் இரண்டே வயர், வேகத்துக்கு ஏற்ற மாதிரி சீராக ஏறியது, நல்லது. மூன்று வயர் வரும் மோட்டாராக இருந்தால் ஜோடி ஜோடியாகப் பார்த்து மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று ஒப்பிட்டாலே போதும், ஏதாவது தளர்ந்தால் ஸ்டேட்டர்தான் நோயாளி.

இதில் ட்ரூ ஆர்எம்எஸ் எதற்கு உதவியது என்றால், ஸ்டேட்டரிலிருந்து வரும் அலை வீட்டு மின்சாரம் மாதிரி வழவழப்பானது இல்லை, கூர்கூராக இருக்கும். என் பழைய மல்டிமீட்டரும் இதுவும் ஒரே முனையில் இரண்டு வேறு எண்களைக் காட்டின. எது உசத்தி என்று சண்டை போட வேண்டாம், புத்தகத்தில் கொடுத்திருக்கும் எண் எந்த வகை மீட்டருக்கு என்று பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் உச்ச வோல்டேஜைத்தான் கொடுத்திருக்கும், அதற்குத் தனி அடாப்டர் மாட்ட வேண்டும், இந்த மீட்டரோடு அது வரவில்லை. ஹெர்ட்ஸ் பட்டன் தனி விளையாட்டு. என் ஃப்ளைவீலில் 12 காந்த முனைகள், ஆக ஒரு சுற்றுக்கு 6 அலை. 3000 சுற்று என்றால் நொடிக்கு 50, ஆறால் பெருக்கினால் 300 ஹெர்ட்ஸ். மீட்டர் 296 காட்டியது, ஆர்பிஎம் மீட்டர் 3000 காட்டியது. அந்த ஆர்பிஎம் மீட்டரும் இதே ஸ்டேட்டர் துடிப்பை எண்ணித்தான் வேகம் சொல்கிறது, அதனால்தான் பல மோட்டார்களில் சார்ஜிங் கோளாறு வந்தால் முதலில் ஆர்பிஎம் முள் துள்ள ஆரம்பிக்கும் அல்லது படுத்துவிடும். முள் ஒரு நாள் கோமாளித்தனம் செய்தால் முள்ளை மாற்றாதீர்கள், ஸ்டேட்டரையும் ரெகுலேட்டரையும் பாருங்கள்.

டயோடு சோதனையும் நன்றாகவே வேலை செய்கிறது. தனி ரெக்டிஃபையரைக் கழற்றி வைத்து ஒரு பக்கம் 0.5 சொச்சம், புரோபைத் திருப்பினால் ஓஎல் (மின்சாரம் போக வழியில்லை என்ற குறி), அவ்வளவுதான். இரண்டு பக்கமும் எண் வந்தாலோ இரண்டு பக்கமும் ஓஎல் வந்தாலோ அந்த டயோடு முடிந்தது. ரெகுலேட்டரோடு ஒன்றாக வார்த்தெடுத்த பெட்டிகளில் இந்த எண்கள் குழப்பும், அங்கே புத்தகத்தின் அட்டவணைதான் கதி.

இனி குறைகள், நிறைய உண்டு.

ஓம் அளவு இந்த வேலைக்குப் போதாது. ஸ்டேட்டர் சுருளின் தடை பல மோட்டார்களில் ஒரு ஓமுக்கும் கீழே. புரோப் இரண்டையும் ஒட்டிப் பிடித்தாலே இது 0.3 காட்டுகிறது, அடுத்த தடவை 0.2. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புவது ஜாதகம் பார்ப்பது மாதிரிதான். சுருள் அறுந்திருக்கிறதா, உடம்போடு ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று தெரியும், உள்ளுக்குள் சில சுற்றுகள் ஒட்டியிருக்கிறதா என்று தெரியாது. சூடானபின் மட்டும் கோளாறு காட்டும் ஸ்டேட்டரும் உண்டு, அதற்கு மோட்டார் ஆறியிருக்கும்போது ஒரு தடவை, அரை மணி ஓடியபின் ஒரு தடவை ஏசி வோல்ட் பார்ப்பதுதான் வழி.

மின்கசிவு பார்க்க வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். எல்லாவற்றையும் அணைத்தபின் பேட்டரியிலிருந்து ஒழுகும் மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் என்றால் இதன் திரையில் அது 0.03, மீட்டரின் சொந்தத் தடுமாற்றமே அதைவிடப் பெரியது. வயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் வாய் வழியாகப் பத்து சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுக்கலாம், நான் செய்து பார்த்தேன், பரவாயில்லை. ஆனால் அந்த வேலைக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரை நடுவில் சேர்ப்பதே நேர்மையான வழி. செல்ஃப் மட்டும் தட்டாதீர்கள்.

செல்ஃப் போட்டு நூறு ஆம்பியருக்கு மேல் போனபின் வாயில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடுகிறது, ஜீரோ நகர்ந்துவிடும். வெயிலில் கிடந்தாலும் நகர்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் ஜீரோ செய்யும் பழக்கம் வந்துவிட்டால் பிரச்சினை இல்லை, வரவில்லை என்றால் மோட்டாரைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது, அதுவும் சரியாக நண்பன் 4000-க்கு ஏற்றிய நேரத்தில். இக்னிஷன் வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எண்கள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும், டிஜிட்டல் மீட்டர் எல்லாமே கொஞ்சம் அப்படித்தான், வயரைத் தள்ளிப் பிடித்தால் அடங்குகிறது. உள்ளே போடும் சின்ன பேட்டரி இறங்கினால் எச்சரிக்கைக் குறி வருவதற்கு முன்பே வோல்டைக் கூடுதலாகக் காட்ட ஆரம்பிக்கிறது, ஒரு நாள் நிறுத்தி வைத்திருக்கும் பேட்டரியில் 13.4 என்று காட்டி என்னைக் கொஞ்ச நேரம் சந்தோஷப்படுத்தியது. வாயைத் திறக்கும் ஸ்பிரிங்கின் திருகில் உப்புக் காற்று பட்டு இப்போதே துரு எட்டிப் பார்க்கிறது, நான் மீட்டரை மூடி இறுகும் டப்பாவில்தான் வைக்கிறேன்.

யாருக்கு வேண்டாம் என்றால், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன மோட்டார், பேட்டரியே இல்லை, அவர்களுக்கு இது எதற்கு. பேட்டரி, விளக்கு, மீன் தேடும் கருவி, தண்ணீர் வெளியேற்றும் பம்ப் என்று வைத்திருப்பவர்கள் வாங்கலாம். லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்கள் கட்டாயம் வாங்கலாம், அது பசித்தால் ஆம்பியரை அள்ளி அள்ளி இழுக்கும், ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் தாங்குகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். போதாததற்கு அதன் உள்பாதுகாப்பு திடீரென்று இணைப்பைத் துண்டித்தால், மோட்டார் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிய அதே கதைதான். பேட்டரி மெயின் சுவிட்ச் வைத்திருப்பவர்களும் ஓடும்போது அதை ஆஃப் பக்கம் திருப்பாமல் இருந்தால் ரெகுலேட்டர் பிழைக்கும். பேட்டரி முனையில் இறக்கை நட்டு போட்டிருந்தால் கழற்றிவிட்டு ஸ்பேனர் போட்டு இறுக்கும் அறுகோண நட்டு போடுங்கள், கையால் முறுக்கிய நட்டு அலையில் குலுங்கிக் குலுங்கித் தளரும், அது தளர்ந்தால் என் ஃபியூஸ் ஹோல்டர் செய்த வேலையை அது செய்யும்.

மீட்டரோடு வந்த கறுப்பு புரோபின் முனை மூன்றாவது வாரத்திலேயே ஒடிந்துவிட்டது, இப்போது பழைய மல்டிமீட்டரின் கம்பியை மாட்டி ஓட்டுகிறேன். விற்றவர்களிடம் சொன்னேன், மாற்றி அனுப்புகிறோம் என்றார்கள். இதை எழுதும்வரை வரவில்லை. வந்தால் இதிலேயே கீழே சேர்க்கிறேன்.